குடிவருகிறவரின் கண்ணால் பாருங்கள்

சேமிப்பைப் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீங்கள் வருகிறீர்கள். புரோக்கர் வண்டியில் முன்னால் வருவார், கணவனும் மனைவியுமாக நீங்கள் பின்னால். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு மாடி ஏறி, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள். இறங்கும்போது படிக்கட்டில் பேசுவது எங்கள் கூடம் வரை கேட்கும். "வாடகை எவ்வளவு வரும்?" "அஞ்சு வருஷத்துல எவ்வளவு ஏறும்?" இந்த இரண்டு கேள்விதான். இங்கே குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் எப்படி, ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வரும் பெண் பஸ் ஸ்டாப்பிலிருந்து எந்தத் தெரு வழியாக நடப்பாள், மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் 19 வருடம் இந்தச் சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவள். ஏழு வீடு மாறினோம். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். குடியிருக்க ஒரு வீடு வாங்கிய பிறகு, 2012-இல் வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு சின்ன ஃப்ளாட், சில வருடம் கழித்து இன்னொன்று. இன்றைக்கு இரண்டு குடும்பங்கள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. 'ஹவுஸ் ஓனர் என்ன சொல்வாரோ' என்று பயந்து ஆணி அடிக்காமல் காலண்டரை ஜன்னல் கம்பியில் மாட்டிய காலமும் எனக்குத் தெரியும். 'வீட்டுக்காரம்மா வர்றாங்க' என்று குழந்தைகள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வதையும் இப்போது பார்க்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் வாங்கப்போவது உங்கள் சொத்து; ஆனால் அது இன்னொருவரின் வீடு. இதை மனதில் வைத்து வாங்குகிறவருக்குப் பணமும் நிற்கும், தூக்கமும் நிற்கும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு 70 லட்சம் ரூபாயில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பின் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. ஆக, கடன் 56 லட்சம், கைக்காசு 14 லட்சம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அது முழுக்க உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். அதோடு வக்கீல், புரோக்கர், அலமாரி, ஃபேன், கொசுவலை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 7 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 77 லட்சம்.

வாடகை மாதம் 20,000. வருடத்துக்கு 2,40,000 என்று மனம் பெருக்கிவிடும். பெருக்காதீர்கள். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வரும் இடைவெளி இருக்கும். வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று எடுத்தால் 2,20,000. மெயின்டனன்ஸ் வாடகைக்குள்ளேயே என்றால் மாதம் 3,000 வீதம் 36,000 போகும். சொத்து வரி, குடிநீர் கழிவுநீர் வரி 8,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கசியும் தளம், பழுதான மோட்டாரில் உங்கள் பங்கு எல்லாவற்றுக்கும் 15,000. மிச்சம் 1,61,000. போட்ட 77 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். இப்போது கடன் பக்கம் வாருங்கள். 56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 48,600. வருடத்துக்கு 5,83,000. அதாவது, வாடகை வந்த பிறகும் மாதம் 35,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். "வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும் சார்" என்று யாராவது சொன்னால், ஒரு காகிதத்தை நீட்டி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். அந்த ஏற்றம் விற்கிற அன்றைக்குத்தான் பணம். 35,000 ரூபாயோ அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வேண்டும். இடையில் வேலை போனால், குழந்தை பிறந்தால், அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? 2020-இல் ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னதும், ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருந்த பிள்ளைகள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் அங்கே இரண்டு ஃப்ளாட் வாங்கியிருந்தான், இரண்டும் கடனில். இரண்டும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஒன்றை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுத்தான் இன்னொன்றைக் காப்பாற்றினான். அவன் புத்திசாலிப் பையன். கணக்கில் 'காலி' என்ற ஒரு வரியை எழுத மறந்தான், அவ்வளவுதான்.

அதனால் என் சொந்த அளவுகோல் இது: செலவு போக மிஞ்சும் வாடகை, முதல் வருட வட்டியில் பாதியையாவது தாங்க வேண்டும், ஆறு மாதத் தவணை தனியாக வைப்பு நிதியில் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஃப்ளாட் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியென்றால் கடனைக் குறையுங்கள், அல்லது வீட்டைச் சின்னதாக்குங்கள். நான் 2012-இல் வாங்கியது 540 சதுர அடி, ஒரே படுக்கையறை, 18 வருடப் பழைய கட்டடம். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், நல்ல தண்ணீர். விலையோடு ஒப்பிட்டால் அதன் வாடகை பெரிய புது ஃப்ளாட்டுகளைவிட எப்போதும் மேலாகவே இருந்திருக்கிறது. இன்றுவரை மொத்தமாகச் சேர்த்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் அது காலியாக இருந்ததில்லை. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வாங்கினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு அந்த வரி இல்லை. அதைவிட முக்கியம், கட்டி முடிக்கும் வரை தவணை ஓடும், வாடகை வராது. முதல் வீட்டை வாங்குகிறவர்கள் இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"வரி மிச்சமாகும்" என்று இன்னொரு ஆசை காட்டுவார்கள். வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கச் சட்டம் விடுகிறது. நீங்கள் உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் அந்த 30தான். அதற்குப் பிறகு கடன் வட்டி. நம் உதாரணத்தில் 2,20,000-இல் வரி 8,000 போய், 30 சதவீதமும் போனால் 1,48,400. முதல் வருட வட்டி சுமார் 4,72,000. ஆக, ஏட்டில் மூன்று லட்சத்துக்கு மேல் நஷ்டம். பழைய வரி முறையில் இருப்பவர்கள் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். மிச்சத்தை எட்டு வருடம் வரை வீட்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இருப்பவர்கள் ஒரு ரூபாயைக்கூடச் சம்பளத்தில் கழிக்க முடியாது. உங்களில் எத்தனை பேர் எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் புரோக்கரிடம் தலையாட்டினீர்கள்?

இனி வீடு பார்க்கும் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2016 ஏப்ரல். இரண்டாவது ஃப்ளாட்டுக்காக முடிச்சூர் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். காற்று, வெளிச்சம், புது பெயின்ட், விலையும் சற்றுக் குறைவு. எனக்குப் பிடித்துவிட்டது. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கைப்பையில் பணம்கூட இருந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவரிடம் நிழலுக்காக நின்றேன். "இங்கதான் வீடு பாக்குறீங்களா?" என்று கேட்டவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் தன் மார்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். "டிசம்பர்ல தண்ணி இங்க நின்னுச்சும்மா. படகுலதான் வெளிய வந்தோம்." புது பெயின்ட்டுக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது.

2015-இல் முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதை ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் அதே காட்சி. ஏரியின் உபரி நீர் எந்த வழியாகப் போகும், சதுப்புநிலம் எங்கே முடிகிறது என்பதைக் கட்டடம் மறைக்கலாம், மழை மறைக்காது. வீட்டைக் கோடையில் பாருங்கள், நவம்பரில் ஒரு முறை மழை கொட்டும் நாளில் மறுபடி போய்ப் பாருங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் பால்காரரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு அந்த வீட்டை விற்பதில் கமிஷன் இல்லை.

தண்ணீர் அதிகமானால் ஒரு துன்பம், இல்லாவிட்டால் இன்னொன்று. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் எங்கள் பிளாக்கில் போர் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்கே மெயின்டனன்ஸ் இரண்டு மடங்கானது. பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் காலி செய்துகொண்டு போனது. எந்த வாடகைதாரரும் வாடகையைப் பார்த்து ஒரு முறைதான் குடிவருவார். தண்ணீரைப் பார்த்துத்தான் ஒவ்வொரு மாதமும் தங்குவார். போர் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, சம்ப் எவ்வளவு கொள்ளும், உப்புத் தண்ணீரா என்று கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால், அந்தத் தண்ணீர் கீசரையும் வாஷிங் மெஷினையும் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், வரப்போகிறது என்று சொல்லும் எதற்கும் இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை வரை இருக்கும் ஐந்து கிலோமீட்டருக்குப் பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. 'ஸ்டேஷன் பக்கத்திலேயே' என்று நம்பி ஆதம்பாக்கத்தில் கூடுதல் விலை கொடுத்தவர்கள் அந்த வருடங்களின் வட்டியையும் சேர்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு எந்த பஸ் நிற்கிறதோ, எந்த ஸ்டேஷனில் ரயில் நிற்கிறதோ அதற்கு விலை கொடுங்கள்.

காகித விஷயத்தில் நான் சொல்வதைவிட உங்கள் வக்கீல் சொல்வதே சரி. வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று நின்றுவிடாதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காக ஒருவர் பார்க்கட்டும். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா, 30 வருட வில்லங்கம் சுத்தமா, ஒப்புதல் பெற்ற வரைபடமும் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஃப்ளாட்டில் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதுதான் நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கைத் தீர்மானிக்கும். சுவருக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. புதுக் கட்டடம் என்றால், எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் மனைக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். எண்ணை வாங்கி நீங்களே சரிபாருங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் விலை என்றால், 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்கும் நீங்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பல மடங்கு பிடிக்க வேண்டிவரும். சென்னையில் அப்படிப்பட்ட விற்பனைகள் நிறைய. தெரியாமல் விட்டால் வருமான வரித்துறை தேடி வருவது உங்களைத்தான்.

வீடு வாங்கியாயிற்று. டு-லெட் பலகை மாட்டியாயிற்று. இனிமேல்தான் என் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை பேசி முடித்து, டோக்கன் ஐநூறு ரூபாயும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது, "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். என் கணவர் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. மறுநாள் புரோக்கர் ஐநூறு ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். 'அவங்க பையன் ஊர்லேர்ந்து வர்றானாம்' என்றார். அன்றைக்கு ராத்திரி என் கணவர் சாப்பிடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

தம்பி தங்கைகளே, நீங்கள் படித்தவர்கள். 'சைவம் மட்டும்' என்று பலகையில் எழுதிவிட்டு உள்ளே வேறு எதையோ தேடும் வழக்கத்தை நீங்கள் தொடரக் கூடாது. பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு" என்று சொல்லக் கூடாது. தனியாக வாழும் பெண், கணவரை இழந்தவர், திருநங்கை என்று யார் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அதே நான்குதான்: எங்கே வேலை, எத்தனை பேர் குடியிருப்பீர்கள், முன்பு இருந்த வீட்டுக்காரரின் போன் நம்பர், அடையாள அட்டை. இந்த நான்கும் சரியாக இருந்தால் வாடகை வரும். சமையல் வாசனையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கெல்லாம் வாடகை ஒழுங்காக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் 11 மாதம் எழுதும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. புதிய சட்டப்படி, 11 மாதமாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 'எதுக்கு வீண் வேலை' என்று விட்டவர்கள், நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லிக் கேட்க அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. மோட்டார் ஸ்விட்சை அணைப்பது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாவற்றையும் அதே சட்டம் தடுக்கிறது. சட்டத்தில் இல்லாவிட்டாலும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துகிற கை நம் கையாக இருக்க வேண்டாம். உங்கள் வீடுதான் என்று சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போகவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மாடியும் கீழுமாகப் போர்ஷன்கள் கட்டி விடுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று குடும்பத்தை ஒரே மீட்டரில் கட்டிவிட்டால் அவர்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் கறாராக வசூலிக்கும் காசு, அவர்கள் உங்களை மதிப்பதைத்தான் குறைக்கும்.

அட்வான்ஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பல வருட வழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. நான் மூன்றுதான் வாங்குகிறேன். எவ்வளவு வாங்கினாலும் அந்தப் பணம் உங்களுடையது இல்லை. நாங்கள் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, அந்த உரிமையாளர், "அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், அதுலேர்ந்து தர்றேன்" என்றார். எங்கள் பணத்தை அவர் எப்போதோ செலவழித்திருந்தார். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க, பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட, என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. நாலு மாதம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். வளையலை மீட்ட வட்டியை யாரும் தரவில்லை.

அதனால் என் இரண்டு வீட்டு அட்வான்ஸும் இரண்டு தனி வைப்பு நிதிகளில் இருக்கின்றன. காலி செய்யும் அன்றைக்கு, சாவி ஒரு கையில் வரும்போதே செக் மறு கையில் போகும். சட்டம் ஒரு மாதம் அவகாசம் தருகிறது. ஆனால் லாரியில் சாமானை ஏற்றிவிட்டு நிற்கிற குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் பணம் வேண்டும். பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால், சட்ட அட்டவணையில் உரிமையாளர் பொறுப்புதான். மூன்று வருடம் ஒருவர் வாழ்ந்தால் சுவர் அழுக்காகத்தானே செய்யும்? அதற்குத்தானே வாடகை வாங்கினோம்?

லீசுக்கு விடலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். மாத வாடகை இல்லாமல், எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தருவது. கைக்காசு குறைவாக இருக்கும்போது இது இனிக்கும். வங்கிக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்தப் பத்து லட்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? அடுத்த லீசுக்காரரிடமிருந்து என்றால், அது நாங்கள் பார்த்த அந்த உரிமையாளரின் கதைதான், தொகை மட்டும் பெரியது. வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கும்போது தவணை நின்றால், லீசு கொடுத்தவர் தன் வாழ்நாள் சேமிப்போடு தெருவுக்கு வருவார். நடுவில் ஒரு நிறுவனம் நுழைந்து, உங்களுக்கு மாத வாடகை தருவதாகச் சொல்லி வீட்டை எடுத்து, குடிவருகிறவரிடம் லீசுத் தொகை வாங்கி, ஒரு நாள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மறைந்த மோசடிகள் இதே ஊரில் நடந்திருக்கின்றன. முகம் தெரியாத இடைக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். யார் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒப்பந்தம் அவரோடு இருக்க வேண்டும்.

வாடகை ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறு வருடமாக என் சின்ன ஃப்ளாட்டில் இருக்கும் தம்பி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். மாதம் பிறந்து மூன்றாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றுகிறேன், அதுவும் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவேன். "வெளியில இன்னும் ஆயிரத்தைந்நூறு கூட வருமே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வரும்தான். வருடத்துக்கு 18,000. அவர் காலி செய்தால் ஒரு மாத வாடகை போகும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட் வேலைக்கு இருபதாயிரத்துக்குக் குறையாது. அந்த 18,000-ஐப் பிடிக்கப் போய் இரண்டு வருட லாபத்தை விடுவதா? போன மழையில் குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியபோது, அவர் போன் செய்த மறுநாளே பிளம்பரை அனுப்பினேன். உடனே பார்த்ததால் 4,000 ரூபாயில் முடிந்தது. ஓனருக்குச் சொன்னால் கோபிப்பார் என்று அவர் பயந்து ஆறு மாதம் சொல்லாமல் இருந்திருந்தால், கீழ்வீட்டுத் தளம் வரை போயிருக்கும். குடியிருப்பவர் பயமில்லாமல் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். கட்டடத்துக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்கள், பதினோரு மணிக்கு வராதீர்கள். காலை ஆறு மணிக்கு வாருங்கள். மோட்டார் போடும் நேரம் அது. தண்ணீர் மேலே ஏற எவ்வளவு நேரமாகிறது என்று தெரியும். பால் பாக்கெட் போடுகிறவர் எந்த வழியாக வருகிறார், ஆபீஸ் போகிறவர்கள் வண்டியை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்று தெரியும். பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு முறை வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்து வாருங்கள், ஆட்டோவில் வேண்டாம். வழியில் எத்தனை தெருவிளக்கு எரிகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டு வாசல் விளக்கு பதினோரு மணி வரை எரியும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவைத் தட்டலாம்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு வீட்டுக்காரம்மா